வானில் நெய்த வலை

நுழையும்முன்

ஆழ்கடலில் மீன்பிடிக்கும் படகுக்குக் கரையிலிருந்து ஒரு செய்தி போய்ச் சேர வேண்டும். அங்கே கம்பி இல்லை. அலைபேசிக் கோபுரமும் இல்லை. வானம் ஒன்றே வழி. அவ்வழியை அறிவியல் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே திறந்துவிட்டது. ஆயினும், அது எல்லார்க்கும் திறந்த வழியாக இருந்ததா? செயற்கைக்கோள் தொடர்பின் நுட்பம் வளர்ந்த வரலாற்றையும், அதன் வணிகம் கைமாறிய வரலாற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

உயரம் தந்த வழி

கலங்கரை விளக்கத்தை உயரமாகக் கட்டியோர் ஓர் எளிய உண்மையை அறிந்திருந்தனர். விளக்கு உயர உயர, அதன் ஒளி எட்டும் தொலைவு கூடும். புவி உருண்டை வடிவினது. ஒளியோ நேர்க்கோட்டில் செல்வது. ஆகவே, தாழ்ந்த விளக்கைக் கடலின் வளைவு மறைத்துவிடும். தகவல் தொடர்புக்குப் பயன்படும் நுண்ணலைகளின் நிலையும் இதுவே. நிலத்தில் சில பத்து கிலோமீட்டருக்கு ஒரு கோபுரம் எழுப்பி அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பலாம். பெருங்கடலின் நடுவே கோபுரங்களை எழுப்ப இயலாது. அப்படியானால், ஒரே ஒரு கோபுரத்தை மிக மிக உயரமாக எழுப்பினால் என்ன? செயற்கைக்கோள் தொடர்பு என்பது இந்த வினாவுக்குக் கிடைத்த விடையே.

1945ஆம் ஆண்டு அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்டு' என்னும் ஆங்கில இதழில் ஆர்தர் சி. கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பொருள், புவி தன்னைத்தானே சுற்றும் அதே கால அளவில் ஒரு சுற்றை முடிக்கும். ஆகவே, தரையிலிருந்து காண்போர்க்கு அது வானில் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். அத்தகைய மூன்று நிலையங்கள் இருந்தால், துருவப் பகுதிகள் நீங்கலாக உலகம் முழுவதையும் இணைத்துவிடலாம் என்று அவர் விளக்கினார். அவர் கற்பனையில் அந்நிலையங்களில் மனிதர்கள் தங்கிப் பணிபுரிந்தனர். மனிதர் தேவைப்படாத மின்னணுக் கருவிகள் விரைவில் வந்துவிடும் என்பதை அன்று அவரும் எதிர்பார்க்கவில்லை. பிற்காலத்தில் இலங்கையில் குடியேறிய கிளார்க், தம் வாழ்நாளின் இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார்.

நாடுகள் கூடி நடத்திய வணிகம்

1962 ஜூலை 10 அன்று விண்ணில் ஏவப்பட்ட டெல்ஸ்டார், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து தொலைக்காட்சிப் படத்தை நேரடியாகக் கொண்டு சேர்த்தது. அதனை உருவாக்கியது ஓர் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம். அச்செயற்கைக்கோள் தாழ்ந்த பாதையில் விரைந்து சுற்றியதால், இரு கரைகளுக்கும் ஒருசேரத் தெரிந்த நேரம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இருபது நிமிடங்களே. அது மறைந்ததும் தொடர்பும் அறுந்தது. எனவே, கிளார்க் குறிப்பிட்ட உயரத்தை அறிவியலாளர் நாடினர். 1964இல் புவிநிலைச் சுற்றுப்பாதையை அடைந்த சின்காம் 3, அவ்வாண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டுகளை அமெரிக்காவுக்கு ஒளிபரப்ப உதவியது.

அதே ஆண்டில் 'இன்டெல்சாட்' என்னும் பன்னாட்டு அமைப்பு தோன்றியது. நாடுகளே அதன் பங்குதாரர்கள். 1965 ஏப்ரலில் ஏவப்பட்ட அதன் முதல் செயற்கைக்கோளுக்கு 'விடியற்பறவை' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். ஒரே நேரத்தில் 240 தொலைபேசி உரையாடல்களை அது தாங்கியது. 1956இல் அட்லாண்டிக் கடலடியில் இடப்பட்ட முதல் தொலைபேசி வடம் தொடக்கத்தில் 36 உரையாடல்களையே தாங்கியது என்பதை ஒப்பிட்டால், அன்றைய வியப்பின் அளவு விளங்கும்.

ஒரு செயற்கைக்கோளைச் செய்து ஏவுவதற்கு அக்காலத்தில் ஆன செலவைத் தனியொரு நிறுவனம் ஏற்பது அரிதாக இருந்தது. பல நாடுகள் பங்கிட்டுக்கொண்டமையால் செலவு தாங்கத்தக்கதாயிற்று. 1979இல் கப்பல்களின் பாதுகாப்புக்கென 'இன்மார்சாட்' என்னும் அமைப்பும் இதே முறையில் உருவானது. ஆதாயம் அதன் நோக்கங்களுள் ஒன்றே. நடுக்கடலில் எழும் அபயக் குரலைக் கேட்பது அதன் கடமை.

தனி நாடுகளும் இவ்வழியில் இறங்கின. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட இந்தோனேசியா, அவற்றை இணைக்க 1976இல் 'பாலபா' என்னும் செயற்கைக்கோளை ஏவியது. 14ஆம் நூற்றாண்டில் தீவுக்கூட்டத்தை ஒன்றிணைக்கும்வரை ஓயேன் எனச் சூளுரைத்த மஜாபாகித் பேரரசின் அமைச்சர் கஜ மதாவின் சூளுரையே அப்பெயருக்கு மூலம். இந்தியா 1975–76இல் அமெரிக்காவிடம் ஒரு செயற்கைக்கோளின் பயன்பாட்டை இரவலாகப் பெற்று, 2,400 சிற்றூர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியைக் கொண்டு சென்றது. பின்னர் 1983இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி, தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலை ஆய்வு ஆகிய மூன்று பணிகளையும் ஒருங்கே ஆற்றியது.

தெரிந்து தெளிவோம்

புவிநிலைச் சுற்றுப்பாதை ஒரே ஒரு வட்டம். அதில் அருகருகே நிற்கும் செயற்கைக்கோள்களின் அலைகள் ஒன்றோடொன்று குழம்பக்கூடும். எனவே, அதில் இடம் வரம்புடையது. இடங்களையும் அலைவரிசைகளையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பு பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தைச் சார்ந்தது. தங்கள் நிலத்துக்கு நேர்மேலே உள்ள பகுதி தங்களுக்கே உரியது என்று நிலநடுக்கோட்டு நாடுகள் சில 1976இல் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் கூடி அறிவித்தன. விண்வெளியை எந்நாடும் உரிமை கொண்டாட இயலாது எனக் கூறும் 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கைக்கு மாறானது எனக் கருதப்பட்டதால், அக்கோரிக்கையை உலகம் ஏற்கவில்லை.

உயரத்தின் விலை

உயரம் தந்த நன்மைக்கு உயரமே விலையும் கேட்டது. ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர். 36,000 கிலோமீட்டர் ஏறி, மீண்டும் அவ்வளவு தொலைவு இறங்க ஓர் அலைக்குக் கால் நொடி ஆகிறது. ஒருவர் கேட்ட கேள்வி மற்றவரை அடைந்து, விடை திரும்பி வர அரை நொடி. தொலைக்காட்சியைப் பார்ப்பவருக்கு இத்தாமதம் புலப்படாது. இருவர் உரையாடும்போது பேச்சு மோதிக்கொள்ளும். கணினிகள் இணையத்தில் ஒன்றையொன்று நூறு முறை வினவி விடைபெறும்போது அரைநொடிகள் சேர்ந்து பெருந்தடையாகும்.

தொலைவு கூடக்கூட அலையின் வலிமையும் குன்றும். தொலைவு இருமடங்கானால் வலிமை நான்கில் ஒரு பங்காகும். 550 கிலோமீட்டர் உயரத்தோடு ஒப்பிட்டால் புவிநிலைச் சுற்றுப்பாதை 65 மடங்கு தொலைவிலுள்ளது. ஆகவே, அங்கிருந்து அதே ஆற்றலோடு அனுப்பப்படும் அலை, நாலாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த வலிமையோடு வந்து சேரும். பெரிய தட்டு வடிவ அலைவாங்கிகள் தேவைப்பட்டதற்குக் காரணம் இதுவே.

இதற்கிடையே கடலடியில் கண்ணாடி இழை வடங்கள் வந்தன. 1988இல் அட்லாண்டிக் கடலுக்கடியில் முதல் ஒளியிழை வடம் செயற்பட்டது. கண்டங்களுக்கிடையே பேச்சையும் தரவையும் சுமக்கும் பணியில் அவை செயற்கைக்கோள்களை முந்தின. செயற்கைக்கோள் நிறுவனங்கள் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பற்றிக்கொண்டன. ஒரே படத்தைக் கோடிக்கணக்கான வீடுகளுக்கு ஒருசேர வழங்குவதில் வானத்துக்கு நிகர் வேறில்லை. ஆனால், மக்கள் தாம் விரும்பியதை விரும்பிய நேரத்தில் இணையத்தில் காணத் தொடங்கியதும் அந்தப் பிடியும் தளர்ந்தது. 2001இல் தனியார் நிறுவனமாக மாறிய இன்டெல்சாட், 2020இல் நீதிமன்றத்தில் நொடிப்புப் பாதுகாப்புக் கோரியது. 2025இல் லக்சம்பர்க் நாட்டின் எஸ்.இ.எஸ். நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது.

இரிடியம் கற்பித்த பாடம்

உயரமே குறை எனில், தாழ்ந்து பறப்பதே தீர்வு. ஆனால், தாழப் பறக்கும் செயற்கைக்கோள் ஓரிடத்தில் நிற்காது. நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விரைந்து, சில நிமிடங்களில் அடிவானில் மறையும். அது மறையுமுன் மற்றொன்று எழுந்தாக வேண்டும். ஆகவே, மூன்று போதாது, பல வேண்டும். உயரம் குறைந்தால் எண்ணிக்கை கூடும். எண்ணிக்கை கூடினால் முதலீடு கூடும்.

அந்த முதலீட்டுக்குத் துணிந்தது மோட்டோரோலா நிறுவனத்தின் முயற்சியில் உருவான இரிடியம். 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக்கோள்கள். ஒன்றோடொன்று அவை வானிலேயே பேசிக்கொள்ளும். கையடக்கக் கருவி ஒன்றைக் கொண்டு பாலைவனத்திலிருந்தும் பனிமலையிலிருந்தும் பேசலாம். ஏறத்தாழ 500 கோடி டாலர் செலவில், 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. நுட்பம் வென்றது, வணிகம் தோற்றது. கருவியின் விலை ஏறத்தாழ 3,000 டாலர். அது செங்கல் அளவு பருத்திருந்தது. கட்டடத்துக்குள் வேலை செய்யவில்லை. திட்டம் வரைபடத்தில் இருந்த ஆண்டுகளில், தரையில் அலைபேசிக் கோபுரங்கள் நகரங்களையெல்லாம் நிறைத்துவிட்டன. எவரிடம் பணம் இருந்ததோ அவருக்கு இரிடியம் தேவைப்படவில்லை. எவருக்கு அது தேவைப்பட்டதோ அவரிடம் பணம் இல்லை. 1999 ஆகஸ்டில், தொடங்கிய ஒன்பதாம் மாதத்தில், நிறுவனம் நொடித்தது.

செயற்கைக்கோள்களை வளிமண்டலத்தில் வீழ்த்தி எரித்துவிடவும் திட்டமிடப்பட்டது. இறுதி நேரத்தில், 2000ஆம் ஆண்டில், புதியதொரு குழுவினர் அவ்வலையமைப்பை ஏறத்தாழ 2.5 கோடி டாலருக்கு வாங்கினர். அமெரிக்கப் பாதுகாப்புத்துறை முதல் பெரும் வாடிக்கையாளராயிற்று. கப்பல், வானூர்தி, மீட்புப்பணி, சுரங்கம் என வேறு வழியே இல்லாத இடங்களை நாடி அந்நிறுவனம் நிலைபெற்றது. கப்பல்களின் அபயக்குரலைக் கேட்கும் பன்னாட்டு அமைப்பில் 2020 முதல் இரிடியமும் இடம்பெற்றுள்ளது. அனைவரின் சட்டைப்பையிலும் இருக்க எண்ணிய நுட்பம், யாருமற்ற இடத்தில் நிற்பவனுக்குத் துணையாக வந்து நின்றது.

தெரியுமா?

இரிடியம் என்னும் தனிமத்தின் அணு எண் 77. முதல் திட்டத்தில் 77 செயற்கைக்கோள்கள் இருந்தமையால், அணுக்கருவைச் சுற்றும் எலக்ட்ரான்களை நினைந்து அப்பெயரைச் சூட்டினர். பின்னர் எண்ணிக்கை 66 ஆகக் குறைந்தும் பெயர் மாறவில்லை. 66ஐ அணு எண்ணாகக் கொண்ட தனிமம் டிஸ்ப்ரோசியம்!

ஆயிரங்களின் காலம்

இரிடியத்தின் தோல்விக்குப் பின் இருபது ஆண்டுகளில் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, ஏவுதல் செலவு குறைந்தது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் தன் ஃபால்கன் 9 ஏவூர்தியின் முதற்கட்டத்தை 2015 டிசம்பரில் தரையிறக்கியது. 2017 மார்ச்சில் அவ்வாறு மீட்ட ஒன்றை மீண்டும் பறக்கவிட்டது. இரண்டாவது, செயற்கைக்கோளைக் கைவினைப்பொருள்போல ஒவ்வொன்றாகச் செய்யும் முறை போய், தொழிற்சாலை வரிசையில் பல நூறாகச் செய்யும் முறை வந்தது. மூன்றாவது, அலைவாங்கி மாறியது. அசையாமல் கிடக்கும் தட்டையான பலகை, தன்னுள் அடங்கிய நூற்றுக்கணக்கான சிறு உறுப்புகளின் அலைகளை ஒத்திசைத்து, வானில் விரையும் செயற்கைக்கோளைப் பின்தொடர்கிறது.

இம்மூன்றின் பயனாக 2019 மே மாதத்தில் ஸ்டார்லிங்க் வலையமைப்பின் முதல் 60 செயற்கைக்கோள்கள் ஒரே ஏவூர்தியில் சென்றன. 2024ஆம் ஆண்டின் இறுதியில் அவற்றின் எண்ணிக்கை ஆறாயிரத்தைக் கடந்தது. 550 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அலை ஏறி இறங்க ஒரு நொடியில் ஆயிரத்தில் நான்கு பங்கே போதும். செயற்கைக்கோள்களுக்கிடையே லேசர் ஒளி செய்தி சுமக்கிறது. வெற்றிடத்தில் ஒளி, கண்ணாடி இழையில் செல்வதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரைவாகச் செல்லும். அமேசான் நிறுவனமும் சீன நிறுவனங்களும் இதே வழியில் தம் வலைகளை நெய்யத் தொடங்கியுள்ளன.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. ஒன்வெப் நிறுவனம் 2020 மார்ச்சில் நொடித்தபோது, பிரிட்டன் அரசும் இந்தியாவின் பாரதி குழுமமும் அதனை மீட்டன. உக்ரைன் போரால் 2022இல் அதற்கு ரஷ்ய ஏவூர்திகள் கிடைக்காமற்போயின. அப்போது இஸ்ரோவின் எல்.வி.எம்.3 ஏவூர்தி, 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் முறைக்கு 36 ஆக, 72 செயற்கைக்கோள்களைச் சிறீஅரிக்கோட்டாவிலிருந்து கொண்டு சென்றது. அரசுத்துறைக்கே உரியதாக இருந்த விண்வெளி, தனியார்க்கும் திறக்கப்பட்டது. செயற்கைக்கோள் தொடர்புக்கான அலைக்கற்றையை ஏலத்தில் விடாமல், அரசே கட்டணம் வரையறுத்து ஒதுக்கலாம் என 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம் வகுத்தது. தரையில் ஓர் அலைவரிசையை ஒருவருக்கே உரிமையாக்குவதுபோல் வானில் ஆக்க வேண்டியதில்லை. பலர் அதனைப் பகிர்ந்து பயன்படுத்த இயலும் என்பது அம்முடிவுக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

நெரிசலும் உடைமையும்

2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே, செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோள் ஒன்றும் இரிடியத்தின் செயற்கைக்கோள் ஒன்றும் மோதிச் சிதறின. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் கணக்கெடுக்கப்பட்டன. ஒவ்வொரு துண்டும் மற்றொரு மோதலுக்கு வித்து. பணி முடிந்த செயற்கைக்கோள்களை 25 ஆண்டுகளுக்குள் அகற்றலாம் என்றிருந்த வழக்கத்தை, ஐந்து ஆண்டுகளாகக் குறைத்து அமெரிக்கா 2022இல் விதி செய்தது. விண்மீன்களை ஆராய்வோரின் படங்களில் செயற்கைக்கோள்களின் ஒளிக்கோடுகள் குறுக்கிடுவதும் புதியதொரு கவலையாகியுள்ளது.

உடைமை பற்றிய வினா இதனினும் ஆழமானது. நாடுகள் கூடி நடத்திய காலத்தில் முடிவுகள் மெதுவாகவே பிறந்தன. ஆயினும், பலர் கேள்வி கேட்க அவையில் இடமிருந்தது. 2022இல் போருக்கு ஆளான உக்ரைனின் தகவல் தொடர்பு, பெருமளவு வேறொரு நாட்டின் தனியார் நிறுவனத்தைச் சார்ந்து நின்றது. அச்சேவை பல உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. அதனை வழங்குவதும் நிறுத்துவதும் யார் கையில் இருக்க வேண்டும் என்னும் வினாவும் அங்கேயே எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் தனக்கெனத் தனி வலையமைப்பை உருவாக்க முனைந்ததற்கு இதுவும் ஒரு தூண்டுதல்.

தனியார் உடைமை எனில் பொதுக்கடமை இல்லை என்பதும் பொருளன்று. இன்மார்சாட் 1999இல் தனியார்மயமானபோது, அபயச் செய்திகளுக்கான சேவையை அந்நிறுவனம் கைவிடாதவாறு கண்காணிக்க ஒரு பன்னாட்டு அமைப்பு நிலைநிறுத்தப்பட்டது. உரிமையாளர் மாறினார், கடமை எழுத்தில் நின்றது.

கடைசிப் படகுவரை

2022 ஜனவரி 15 அன்று டோங்கா நாட்டின் அருகே கடலடி எரிமலை வெடித்தது. உலகோடு அந்நாட்டை இணைத்த ஒரே கடலடி வடம் அறுந்தது. அதனைச் சீர்செய்ய ஐந்து வாரங்கள் ஆயின. அதுவரை வெளியுலகோடு பேச, செயற்கைக்கோளே அதற்கு வாயாக இருந்தது. வலிய வடமும் அறும் நாளில் வானத்து வலை தேவைப்படும் என்பதற்கு இது சான்று.

தமிழகம் இதனைத் தன் கடலிலேயே கண்டது. 2017 நவம்பர் இறுதியில் குமரிக்கடலில் ஒக்கிப் புயல் உருவானபோது, ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்யும் மீனவர்கள் கரையிலிருந்து வெகுதொலைவில் இருந்தனர். அலைபேசிக் கோபுரத்தின் அலைகள் கரையிலிருந்து சில கிலோமீட்டருக்கு அப்பால் எட்டா. எச்சரிக்கை போய்ச் சேராத படகுகளில் பலர் உயிரிழந்தனர்.

அன்று அவர்கள் தலைக்குமேல் செயற்கைக்கோள்கள் இல்லாமலில்லை. அவற்றோடு பேசும் கருவிதான் படகில் இல்லை. பன்னாட்டுக் கடற்பயணம் மேற்கொள்ளும் 300 டன் அளவுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் அபயத் தொடர்புக் கருவிகளைக் கொண்டிருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. மீனவரின் சிறு படகு அவ்விதியின் வரம்புக்குள் வருவதில்லை. 2019இல் 'ஜெமினி' என்னும் கருவியை இந்திய அரசு அறிமுகப்படுத்தியது. ககன் செயற்கைக்கோள் வழியே வரும் புயல் எச்சரிக்கையையும் மீன்வளம் மிக்க இடங்களையும் அது மீனவரின் அலைபேசிக்குக் கொண்டு சேர்க்கும். ஆனால், அது ஒருவழிச் செய்தி. கரை சொல்லலாம், படகு மறுமொழி கூற இயலாது. அதன்பின் படகிலிருந்தும் செய்தி அனுப்பத்தக்க இருவழிக் கருவிகளை மானியத்தில் படகுகளில் பொருத்தும் பணி தொடங்கியது.

செயற்கைக்கோள் தொடர்பின் வரலாற்றில் உயரம் மாறியது, எண்ணிக்கை மாறியது, உரிமையாளர் மாறினர். மாறாத உண்மை ஒன்றுண்டு. கோபுரமும் வடமும் செல்லாத இடத்தில் வாழ்வோர்க்கே வானத்து வலை மிகவும் வேண்டப்படுவது. அவர்களே பெரும்பாலும் அதற்கு விலை கொடுக்க இயலாதவர்கள். ஆதாயம் மட்டுமே வழிகாட்டினால் அவ்வலை பணமுள்ள இடத்தில் நெருங்கியும் ஏனைய இடத்தில் தளர்ந்தும் பின்னப்படும். அரசும் சட்டமும் பன்னாட்டு அமைப்புகளும் அதில் கடமை என்னும் இழையையும் சேர்த்து நெய்ய வேண்டியுள்ளது. கலங்கரை விளக்கம் கப்பலின் அளவைப் பார்த்து ஒளி வீசுவதில்லை. அதன் ஒளி கட்டுமரத்துக்கும் உரியதே.

கற்பவை கற்றபின்

1. புவிநிலைச் சுற்றுப்பாதைக்கும் தாழ்ந்த சுற்றுப்பாதைக்கும் உள்ள வேறுபாடுகளை உயரம், தாமதம், எண்ணிக்கை, செலவு என்னும் தலைப்புகளில் அட்டவணைப்படுத்துக.

2. இரிடியம் நுட்பத்தில் வென்றும் வணிகத்தில் தோற்றது ஏன்? காரணங்களைத் தொகுத்து எழுதுக.

3. 'தொலைத்தொடர்பு ஒரு வணிகப்பொருளா, பொதுச்சேவையா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. கடலோர ஊர்களில் மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை எவ்வெவ் வழிகளில் சென்றடைகிறது என்பதைக் கேட்டறிந்து ஒருபக்க அளவில் அறிக்கை தயாரிக்க.